மேஜை தலையணை அல்ல

மனித குலத்தை அலுப்பிலிருந்து விடுவிக்கப் பிறந்தவன் தான்தான் என்பதில் தரணிதரனுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவன் ஒருவன், சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் ஒருவன். மூன்றாவது இடம் பல்லாயிரம் வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதற்குத் தகுதியான ஆள் கோயமுத்தூர் கணபதியில், பெருமழை பம்ப்ஸ் நிறுவனத்தில் ஊழியர் நல அதிகாரியாக உட்கார்ந்திருந்தான். இதை அவன் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. தகவலாகத்தான் சொல்வான்.

"இன்றிலிருந்து இந்தக் கம்பெனியில் அலுப்பு என்ற சொல்லே இருக்காது" என்று கேன்டீனில் மைக்கைப் பிடித்து அறிவித்தான். மதியச் சாப்பாட்டு நேரம். தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இன்னும் வரவில்லையே என்ற கவலையில் இருந்த நூற்றுச் சொச்சம் பேர் கைதட்டினார்கள்.

அவனுக்குப் பின்னால் புதுச் சுவரொட்டி ஒன்று தொங்கியது. மேஜைமேல் தலை கவிழ்த்துத் தூங்கும் ஒரு மனிதர், அவர்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, கீழே கொட்டை எழுத்தில் 'மேஜை தலையணை அல்ல'. முகம் தெரியாத படம்தான். ஆனால் உச்சந்தலை வழுக்கையின் வடிவத்தை வைத்து அது அக்கவுண்ட்ஸ் சுப்பராயன் என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சுப்பராயனே கண்டுபிடித்தார். சாப்பிட்டு முடித்ததும் மேஜையில் கொஞ்ச நேரம் தலை வைப்பது அவருடைய பல வருடப் பழக்கம். அவர் வைத்தால் அக்கவுண்ட்ஸ் வைக்கும், அக்கவுண்ட்ஸ் வைத்தால் டிஸ்பாட்ச் வைக்கும். அந்த நேரத்தில் ஆபீசுக்குள் வருகிறவர்கள் ஏதோ துக்க வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

சுப்பராயன் கை தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம். ஒழிச்ச அலுப்பு எங்க போகும்?"

"எங்கயும் போகாதுங்ணா. ஒழிஞ்சிரும்."

"ஒழிஞ்சு எங்க போகும்?"

"இது அறிவியல்ங்ணா."

"அப்பச் சரி" என்று அவர் ஊறுகாய்ப் பக்கம் திரும்பினார்.

திட்டத்தின் பெயர் 'பசுமை'. ஆளுக்கொரு கைப்பட்டை. வாட்ச் மாதிரிதான், மணி மட்டும் காட்டாது. தோலுக்கடியில் ஓடும் களைப்பை அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமாகக் காட்டும். அதைப் பொருத்த வந்தவள் பெனிட்டா. பட்டை தயாரித்த கம்பெனியின் பொறியாளர், நாகர்கோவில்காரி. தரணிதரனின் அறையில் அவன் கையில் முதல் பட்டையை மாட்டினாள். உடனே பச்சை எரிந்தது. கிளிப் பச்சை.

"இவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்ல சார்" என்றாள்.

"எல்லாம் ஒழுங்குதான்" என்றான் தரணிதரன். சரவணம்பட்டியில் தனி ஃப்ளாட். ஒன்பது மணிக்கு போனை அணைத்துவிடுவான். கதவைத் தட்டுகிற பழக்கம் யாருக்கும் இல்லை.

"இன்னொரு வசதியும் இருக்கு சார். ரெண்டு பேர் பட்டையை ஒரு நிமிஷம் ஒட்டி வச்சா, ரெண்டு பேர் அலுப்பும் சமமாயிடும்."

"எப்படி?"

"நீங்க பம்ப் கம்பெனி. ரெண்டு தண்ணித் தொட்டிய குழாய் போட்டு இணைச்சா என்ன ஆகும்? நிறைஞ்சது இறங்கும், காலியா இருந்தது ஏறும். அதேதான். நரம்பு வழியா போகுது. ராத்திரி லாரில ரெண்டு டிரைவர் போவாங்கல்ல, அவங்களுக்குன்னு செஞ்சது."

தரணிதரன் சிரித்தான். "அடுத்தவன் அலுப்ப எவன் வாங்குவான்?"

"வாங்குறாங்க சார்."

"அடுத்தவங்க குப்பைய வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரில்ல இருக்கு? அந்த வசதிய எடுத்துருங்க."

"எடுக்க முடியாது. அளக்கிறதும் அதேதான், கடத்துறதும் அதேதான். வேணும்னா சொல்லாம விட்டுடலாம்."

"சொல்லாதீங்க. எழுதி வச்சுக்கங்க, இந்தப் பட்டை இன்னொரு பட்டையத் தொடாது." கையை உயர்த்திக் காட்டினான். பிறகு ஞாபகம் வந்தவனாக, "சரி, அலுப்பு கடைசில எப்படித்தான் ஒழியும்?" என்று கேட்டான்.

பெனிட்டா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "தூங்கினா சார். யாராவது ஒருத்தர் தூங்கணும். வேற வழி இன்னும் கண்டுபிடிக்கல."

இது சுவரொட்டிக்கு உதவுகிற வாக்கியமாக இல்லாததால் தரணிதரன் அதை மறந்துவிட்டான்.

விளம்பரத்தில் அவன் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு சூரியோதயம் வந்தது, அடியில் ஓர் அறிவுரையோடு. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் 'நீ அலுத்தால் நிறுவனம் அலுக்கும்'. கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் 'ஆழ்ந்து மூச்சு விடு'. அந்த இடத்துக்கு அது பொருந்துமா என்று ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஓய்வு அறையாக்கி, முதுகைக் குத்தும் நாற்காலி ஒன்று போட்டான். மாதத்தின் மிகப் பச்சையான ஊழியருக்கு 'பசுமை நாயகன்' விருது. முதல் மாதம் தரணிதரன் வாங்கினான். இரண்டாம் மாதமும் அவனே. மூன்றாம் மாதம் பெருந்தன்மையாக விலகிக்கொண்டான். விருதை யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

மதியத் தூக்கத்தை ஒழிக்க, சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பேண்டு வாத்தியம் போட ஏற்பாடு செய்தான். சுப்பராயன் பேண்டு வாத்தியத்திலும் தூங்கினார். ஆனால் தாளம் தப்பாமல் கால் ஆடியது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் எம்.டி. நாச்சிமுத்து அவனைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழம டென்மார்க்காரங்க வர்றாங்க. ஆர்டர் பெருசு. அவங்களுக்கு பம்ப் நல்லா இருந்தா மட்டும் பத்தாதாம், பம்ப் செய்யறவனும் நல்லா இருக்கோணுமாம். உன்ற பச்சைத் திட்டத்தப் பாக்கத்தான் வர்றாங்க. ஒரு கைல கூட சிவப்பு இருக்கப்படாது."

"எல்லாரும் மஞ்சள்தானுங்க சார். ஒருத்தர் மட்டும்..."

"ஆரு?"

"டிஸ்பாட்ச் சுகந்தி."

"அனுப்பிரு. நீதான எழுதிக் குடுத்த, நலவிடுப்புன்னு. பச்சை வந்தப்புறம் வரட்டும்."

நலவிடுப்பு தரணிதரனே கண்டுபிடித்த சொல். திட்ட அறிக்கையில் அதைப் படித்தபோது மேஜை தட்டிப் பாராட்டினார்கள். "சம்பளங்க சார்?" என்றான்.

"பச்சை வந்தப்புறம் யோசிக்கலாம்" என்றார் எம்.டி. "நாள் கிடக்குது. வெள்ளிக்கிழம காலைல பாரு. சிவப்பா இருந்தா வீட்டுக்கு."

செய்தி அவனுக்கு முன்னால் டிஸ்பாட்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் அறைக்குத் திரும்பியபோது சுகந்தி வாசலில் நின்றிருந்தாள். தலைமுடியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப், அதில் ஒரு வாத்து. அவசரத்தில் குழந்தையுடையதை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். எட்டு மாத இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பையன்கள். கணவன் பழனி லைனில் பஸ் டிரைவர், பாதி நாள் ராத்திரி வண்டி.

"சார், என்னய நலவிடுப்புல அனுப்பறீங்களாமா."

"உங்க நல்லதுக்குத்தாங்க. வீட்ல இருந்து ஓய்வெடுத்து, பச்சை வந்ததும்..."

"வீட்ல எப்படிங்க சார் பச்சை வரும்? ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் எந்திரிப்பான். ஷிப்ட் போட்டு வச்ச மாதிரி. பகல்ல என்ற மாமியா பாத்துக்கறதால பொழைக்கிறேன். நான் ஓய்வெடுக்கறதே இங்க வந்துதானுங்க. வீட்டுக்கு அனுப்பிட்டீங்கன்னா சிவப்பு மேல சிவப்பாத்தான் ஏறும். அப்புறம் நான் எந்தக் காலத்துல திரும்பி வாறது?"

தரணிதரன் யோசித்தான். திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை. "ஆழ்ந்து மூச்சு விட்டுப் பாத்தீங்களா?" என்றான்.

சுகந்தி ஆழ்ந்து மூச்சு விட்டாள். ஆனால் அது பயிற்சி இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் சுகந்தியின் பட்டை மஞ்சளாக இருந்தது. அதற்கு மறுநாள் டீக்குப் பிறகு வெளிறிய எலுமிச்சை மஞ்சள். மூச்சுப் பயிற்சி வேலை செய்கிறது என்று தரணிதரன் அவள் படத்தோடு ஒரு சூரியோதயம் அனுப்பினான். டிஸ்பாட்சும் அக்கவுண்ட்சும் மஞ்சள் முற்றி மாம்பழ நிறத்தில் இருப்பதை அவன் பிறகுதான் கவனித்தான். அதற்கு மறுநாள் டீ நேரத்தில் சத்தமில்லாமல் கேன்டீனுக்குப் போனான்.

டீ வரிசையில் சுகந்தி நின்றிருந்தாள். அவளைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் போகிற போக்கில் அவள் மணிக்கட்டோடு தன் மணிக்கட்டைச் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். எலக்ட்ரிசிட்டி பில், மழை, மாவு விலை. பிறகு நகர்ந்தார்கள். அடுத்தவர் வந்தார். பெனிட்டா சொல்லாமல் விட்டதை யாரோ பக்கத்து மேஜைக்காரர் கைமேல் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குள் அதற்கு ஒரு பேரும் வந்திருந்தது. கைகொடுத்தல்.

"என்னங்ணா இது?" என்றான் சுப்பராயனிடம்.

"எதுங் தம்பி?"

"பரிட்சைல பிட்டு அடிக்கிற மாதிரி இருக்கு. அடுத்தவங்களுக்குப் பசிச்சா நீங்க சாப்பிடுவீங்களா?"

"அது முடியாதுங். இது முடியுது." சுப்பராயன் டீயை ஆற்றினார். "ஒண்ணு தெரியுமா? ஒவ்வொரு அலுப்பும் ஒவ்வொரு மாதிரி. என்றது பிடரில உக்காரும். ஸ்டோர்ஸ் மாரியப்பன் அலுப்பு முட்டில. இந்தப் புள்ளது எடது தோள்ல வந்து உக்காருது. கொஞ்சம் பால் வாசம் கூட அடிக்கிற மாதிரி இருக்குது. நான் அத வாங்கிட்டு, சாப்பிட்டுப்புட்டுச் சித்த நேரம் படுத்தன்னா தீந்துருது."

"அவங்க அலுப்புக்கு நீங்க தூங்கறீங்க."

"ஆரு தூங்கினா என்ன தம்பி? தீந்தாச் சரி."

"அப்படின்னா ஒழுங்கா ஒன்பது மணிக்குப் படுக்கிறவன் முட்டாளா?" தரணிதரனுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தான் கட்டிய கோயிலில் வேறு சாமியை வைத்துக் கும்பிடுகிறார்களே என்ற கோபம். "ஊரு அலுப்பெல்லாம் தோள்ல போட்டுட்டுத் திரியறதுக்கு நம்ம என்ன கழுதையா?"

சுகந்தி மணிக்கட்டைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. பட்டையோடு பட்டை தொடுதல் தடை. மேஜையில் தலை வைத்தல் கண்டிப்பாகத் தடை. பேண்டு வாத்தியத்தின் சத்தம் கூட்டப்பட்டது. சுப்பராயனாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தூங்காமல் உட்கார்ந்து பழக்கமில்லாத அவர், மதியத்தில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி இருந்தார், தண்டனை வாங்கிய மாணவன்போல. டென்மார்க்காரர்களுக்கு மாதிரி பம்ப் தயார் செய்யும் வேலை வேறு சேர்ந்துகொண்டது. தூக்கமும் இல்லை, கைகொடுப்பதும் இல்லை. அலுப்பை ஒழிக்கும் திட்டத்தின் உச்சகட்ட வாரத்தில் ஆபீஸ் முழுவதும் ஆரஞ்சுப் பழ மண்டி மாதிரி ஆனது. ஒரே ஒரு பச்சை மட்டும் அறை அறையாக நடந்து ஆலோசனை வழங்கியது.

வெள்ளிக்கிழமை. வாசலில் மாவிலைத் தோரணம். சுகந்தி வந்தாள். முந்தின நாள் இரண்டு பேருக்கும் தடுப்பூசி, இரண்டு பேருக்கும் காய்ச்சல், முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். இதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டை அடுப்புக் கங்கு மாதிரி சிவந்திருந்தது.

தரணிதரன் டிஸ்பாட்சுக்குள் போனபோது சுகந்தி சாப்பாட்டுப் பையை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். கிளம்பச் சொல்வான் என்று அவளே எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் சுப்பராயன்.

"சுற்றறிக்கைய மீறி வந்தீங்களாங்ணா?"

"மீறலாம்னுதான் தம்பி வந்தேன். ஆனா பாருங்க." சுப்பராயன் தன் பட்டையைக் காட்டினார். சிவப்புக்கு நூல் இழை தூரம். "நான் வாங்கினா நானும் சிவப்பு. ஒண்ணுக்கு ரெண்டாயிரும். எல்லார் கையும் இப்படித்தான் இருக்குது."

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்வதுபோல் நின்றிருந்தார்கள். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தார்கள். கிளிப் பச்சை.

"வண்டி வந்துருச்சு" என்று வாசலில் வாட்ச்மேன் குரல் கேட்டது.

"நான் கிளம்பறேனுங்க சார்" என்றாள் சுகந்தி. "ஒரு உதவி மட்டும். எப்பவாவது பச்சை வந்துச்சுன்னா போட்டோ அனுப்பறேன். நம்புவீங்கல்ல?"

அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். தரணிதரன் அவள் பட்டையைப் பார்த்தான். கையிலிருந்த கோப்பைத் திறந்து மூடினான்.

"பட்டையச் சரியா மாட்டியிருக்கீங்களான்னு சோதிக்கணும்" என்றான். "நடைமுறை."

"சரியாத்தானுங்க சார்..."

"கையக் குடுங்க."

மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்தான். சுகந்தி அதிர்ந்து இழுக்கப் பார்த்தாள். "அசையாதீங்க, அளவு தப்பும்" என்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்த நிமிடத்தில் எலக்ட்ரிசிட்டி பில்லைப் பற்றிப் பேச அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுப்பராயன்தான் உதவிக்கு வந்தார். "மழ வருமாட்ட இருக்குதுங்" என்றார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடது தோளில் ஏதோ வந்து உட்கார்ந்தது. தூங்குகிற ஒன்று, இறக்கி வைத்தால் விழித்துக்கொள்ளும் ஒன்று. கண்ணுக்குள் மணல். காது மட்டும் எங்கோ ஓர் அழுகுரலுக்காகக் கூர்மையாகக் காத்துக்கொண்டே இருந்தது. பால் வாசம் நிஜமாகவே அடித்தது. அவன் அறிந்த வரை களைப்பு என்பது ஒரு நோய். இது நோய் மாதிரி இல்லை. அடியில் எங்கோ ஒரு கதகதப்பு, விலையுயர்ந்த பொருள் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனின் கர்வம் மாதிரி. இத்தனை கனத்துக்கு நடுவில் அதற்கு என்ன வேலை என்று அவனுக்குப் புரியவில்லை.

இரண்டு பட்டைகளும் மஞ்சளாகின.

"பட்டை சரியாத்தான் இருக்கு" என்றான் தரணிதரன். குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. "பைய உள்ள வைங்க."

டென்மார்க்கிலிருந்து இரண்டு பெண்களும் ஓர் ஆணும் வந்திருந்தார்கள். கை கையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். சிவப்பு இல்லை. கேன்டீனில் மைக் தயாராக இருந்தது. அரைமணி நேர உரை ஒன்றைத் தரணிதரன் மனப்பாடம் செய்திருந்தான். எழுந்து நின்றான்.

"வணக்கம்" என்றான். வெகுநேரம் யோசித்தான். "இவங்க எல்லாம் நல்லவங்க." உட்கார்ந்துவிட்டான்.

அவன் ஆற்றிய உரைகளிலேயே மிக நீண்ட கைதட்டலை வாங்கியது அதுதான்.

பிறகு நடந்ததை எம்.டி. வாயால் கேட்பதே முறை. விருந்தாளிகளுக்கு நல அதிகாரியின் அறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாராம். கதவைத் திறந்தால் நல அதிகாரி மேஜைமேல் தலை கவிழ்த்துக் கிடக்கிறான். நேர் மேலே அதே சுவரொட்டியின் இன்னொரு பிரதி. எம்.டி.க்கு நெஞ்சே நின்றுவிட்டது. அந்த அம்மாள்களில் மூத்தவர் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் நிற்கச் சொன்னார். மெல்லக் கதவைச் சாத்தினார். நால்வரும் வராந்தா முழுக்க நுனிக்காலில் நடந்தார்களாம்.

"ஆபீஸ்ல படுத்துத் தூங்கற அளவுக்கு ஆளுகளுக்கு நிம்மதி குடுத்திருக்கீங்களேன்னு கேட்டாங்க. இதுவும் திட்டத்துல ஒண்ணுதான்னு சொல்லிப்போட்டேன்" என்றார் எம்.டி. சாயங்காலம். கையில் ஆர்டர் இருந்தது. "சொல்லிட்டதால இனி ஒண்ணுதான். சாப்பிட்டுப்புட்டு எல்லாரும் படுங்க. அந்த பேண்டு செட்ட நிறுத்து. போஸ்டரையும் கழட்டிரு."

"அந்த டிஸ்பாட்ச் சுகந்தி சார்? நலவிடுப்பு?"

"அதென்ன விடுப்பு? வெள்ளக்காரங்க அறிக்கையப் படிச்சா அதென்னன்னு கேப்பாங்க. அந்தப் பக்கத்தக் கிழிச்சுரு."

பேண்டு நின்றது. பக்கம் கிழிந்தது. சுவரொட்டியை மட்டும் தரணிதரன் கழற்றவில்லை. அதில் எழுதியிருப்பது இப்போதும் உண்மைதான் என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை டீ வரிசையில் அவன் நின்றதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வழக்கமாக அவன் கிரீன் டீயை அறைக்கே வரவழைப்பவன். இன்று முழுக்கைச் சட்டையின் இடது கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். சுகந்திக்குப் பக்கத்தில் வந்து நின்று கூரையைப் பார்த்தான்.

"எலக்ட்ரிசிட்டி பில் ஏறிருச்சுங்களா?" என்றான்.

"ஏறிருச்சுங்க சார்."

"காய்ச்சல்?"

"விட்டுருச்சுங்க. பெரியவனுக்குப் பல்லு மொளைக்குது. அதான் ராத்திரி பூரா..."

"ம்" என்றான். கை அவள் கைப்பக்கம் நகர்ந்தது.

பின்னால் நின்ற சுப்பராயன் சிரிப்பை டீக்குள் ஊதி ஆற்றினார்.

மதியம் சாப்பாடு முடிந்தது. அக்கவுண்ட்ஸ் தலை வைத்தது, டிஸ்பாட்ச் வைத்தது. நல அதிகாரி தன் அறைக்குப் போனான். தலைக்கு மேலே அவனே எழுதிய வாசகம். அதை ஒருமுறை படித்தான். விதி விதிதான். மேஜை இழுப்பறையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னத் தலையணையை எடுத்தான். தட்டிச் சரிசெய்து, இடது தோளை அசைக்காமல், அதன்மேல் மெதுவாகத் தலையை வைத்தான்.